இடி கேட்டால் இடம் தேடுவோம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மின்னல். "மின்னலைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா? பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறோமே!" என்று நீங்கள் எண்ணலாம். பார்த்து வருகிறோம் என்பது உண்மைதான். ஆனால் தினமும் பார்த்துப் பழகிய பொருளிடம் நமக்கு அச்சம் விட்டுப் போய்விடுகிறது. பாம்பைக் கண்டால் பத்தடி விலகுகிற நாம், தலைக்கு மேல் இடி முழங்கும்போது, "இந்த ஒரு நிரையை முடித்துவிட்டுப் போகலாம்" என்று நின்றுவிடுகிறோம். அந்த ஒரு நிரையைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

ஜொகூர்ப் பகுதித் தோட்டங்களில் வாழும் நமக்குச் சிங்கப்பூர் வெளியூர் மாதிரியே தோன்றுவதில்லை. மகனோ, மருமகனோ, தம்பியோ விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து அங்கே வேலைக்குப் போகிறான். தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் தேக்காவுக்குப் போகிறோம். ஒரு காலத்தில் சிங்கப்பூரின் செம்பவாங், நீ சூன் வட்டாரங்களிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நம் இனத்தவர் அங்கே பால் வெட்டினர். இன்று அந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. நிலம் மாறியது, மேலே உள்ள வானம் மாறவில்லை. அதனால் சிங்கப்பூரை எடுத்துக்காட்டாக வைத்தே இந்த உரையை நடத்துவோம்.

உலகில் இடியும் மின்னலும் மிகுந்த இடங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. அந்தத் தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுற்றிலும் கடல்; மேலே சுட்டெரிக்கும் வெயில். காலையில் நிலம் சூடாகிறது; ஈரக்காற்று மேலே எழுகிறது; பிற்பகலில் அது இடிமேகமாகத் திரள்கிறது. ஆண்டின் 365 நாள்களில் சராசரியாக 170 நாள்கள் அளவுக்கு அங்கே இடி முழங்குகிறது. அதாவது, இரண்டு நாளைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பரிலும் மின்னல் மிகுதி. நம் கணக்கில் சொன்னால் சித்திரை, வைகாசி ஒரு பருவம். ஐப்பசி, கார்த்திகை மற்றொரு பருவம். தீபாவளிக் கூட்டம் சிராங்கூன் சாலையில் நெருக்கியடிக்கும் காலமும், கேம்பல் லேனில் கூடாரக் கடைகள் போடும் காலமும் இந்த இடிப் பருவத்தை ஒட்டியே வருகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் இடி குறைவு. நாளில் பார்த்தால், பிற்பகல் 2 மணியிலிருந்து மாலை 6 மணி வரை மிக ஆபத்தான நேரம்.

"அப்படியானால் காலையில் பால் வெட்டுகிறவர்களுக்குக் கவலை இல்லையே?" என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ராத் தீவின் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, பின்னிரவிலும் விடியற்காலையிலும் இடியுடன் கூடிய ஒரு காற்று வரிசையாகப் பாய்ந்து வருவதுண்டு. இதைச் சுமத்ராக் காற்று என்பார்கள். நாம் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வெளிக்காட்டில் இறங்கும் நேரமும், நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பாலத்தின்மேல் வரிசையில் நிற்கும் நேரமும் அதுவே.

மின்னல் என்பது என்ன? இடிமேகம் 15 கிலோமீட்டர் உயரம்வரைகூட வளரும். அதன் மேற்பகுதி கடும் குளிர். அங்கே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த மோதலால் மேகத்தின் மேற்புறம் ஒரு வகை மின்சாரமும், அடிப்புறம் எதிர்வகை மின்சாரமும் சேர்கின்றன. சேர்ந்தது தாங்கமுடியாமல் போனால், காற்றைக் கிழித்துக்கொண்டு தரையை நோக்கிப் பாய்கிறது. பாயும் பாதையில் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியசை எட்டுகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட அது 5 மடங்கு சூடு. அந்தக் காற்று ஒரே கணத்தில் வெடித்து விரிகிறது. அந்த வெடிச் சத்தமே இடி. ஆகவே, இடி வேறு மின்னல் வேறு அல்ல. இடி கேட்கிறது என்றால், உங்களை எட்டக்கூடிய தூரத்தில் மின்னல் வெட்டியிருக்கிறது என்று பொருள்.

மின்னல் மனிதனை எப்படித் தாக்குகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலாவது, நேராகத் தலையில் விழுவது. திறந்த வெளியில் உயரமாகத் தனித்து நிற்பவருக்கு இது நேரும். நாம் எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் பாதிக்கப்படுவோரில் நேரடியாகத் தாக்கப்படுவோர் மிகச் சிலரே.

இரண்டாவது, பக்கத்தில் உள்ள பொருளிலிருந்து தாவுவது. ஒரு மரத்தில் மின்னல் விழுகிறது. மரத்தின் வழியே இறங்கும் மின்சாரம், அடியில் ஒதுங்கி நிற்கும் மனிதனைக் கண்டதும், "இது இன்னும் சுலபமான வழி" என்று அவன் உடலுக்குத் தாவுகிறது. மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது ஏன் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, தொடுவதால் வருவது. கம்பி வேலி, இரும்புக் கைப்பிடி, துணி காயப்போடும் கொடிக்கம்பி இவற்றில் எங்கோ ஓரிடத்தில் மின்னல் விழுந்தாலும், மின்சாரம் கம்பி நெடுக ஓடும். இருட்டிக்கொண்டு வரும்போது தாய்மார்கள் முதலில் ஓடுவது கொடிக்கம்பியில் காயும் துணியை எடுக்கத்தான். துணி நனைந்தால் நாளைக்குக் காய்ந்துவிடும். இடி கேட்ட பிறகு அந்தக் கம்பியைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.

நான்காவது, தரை வழியாக வருவது. மிகுதியானவர்களைப் பாதிப்பது இதுதான். மின்னல் தரையில் விழுந்ததும், குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுவதுபோல, மின்சாரம் நாலா பக்கமும் மண்ணில் பரவுகிறது. மனிதன் இரு கால்களையும் அகட்டி நின்றால், ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். மாடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். நடுவில் இதயம் இருக்கிறது. ஒரு மரத்தடியில் கூடிநிற்கும் மாடுகள் ஒரே மின்னலில் கூட்டமாக மடிவதற்குக் காரணம் இதுதான்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. மேலிருந்து மின்னல் இறங்கும்போது, தரையில் உள்ள பொருள்களிலிருந்தும் சிறு மின்பொறிகள் அதை நோக்கி எழும். மேலிருந்து வருவது அந்தப் பொறியோடு சேராமல் வேறிடத்தில் விழுந்தாலும், பொறி எழுந்த உடலுக்கு ஊறு நேரலாம்.

இப்பொழுது, நம்மிடையே உலவும் சில எண்ணங்களைப் பார்ப்போம்.

"உயரமான கட்டடம் பக்கத்தில் இருக்கிறது, அது வாங்கிக்கொள்ளும்" என்பது ஓர் எண்ணம். சிங்கப்பூருக்குச் சென்றவர்கள் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1972-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் 8.6 மீட்டர்தான். அதன் பின்னால் வானைத் தொடும் வங்கிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆயினும், 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மாலை 4 மணிக்கு மேல் மின்னல் அந்தச் சிலையைத் தாக்கியது. தலையில் ஓட்டை விழுந்தது. பிப்ரவரி மாதம் இடி குறைந்த மாதம் என்று சற்றுமுன் சொன்னோம். குறைந்த மாதத்தில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில், குட்டையான சிலைமேல் விழுந்தது! அது கல்லும் சிமெண்டும் ஆனதால் பழுதுபார்த்து நிறுத்திவிட்டார்கள். மனிதனை அப்படிப் பழுதுபார்க்க முடியாது.

"ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாது" என்பது இன்னொன்று. அமெரிக்காவில் ராய் சல்லிவன் என்ற வனக்காவலரை 1942-க்கும் 1977-க்கும் இடையில் மின்னல் 7 முறை தாக்கியது. இடம் மட்டுமா, ஆளையே திரும்பத் திரும்பத் தேடி வந்திருக்கிறது.

"ரப்பரில் மின்சாரம் பாயாது, நாங்கள் நிற்பது ரப்பர் மரத்துக்கு நடுவில், காலில் போட்டிருப்பதும் ரப்பர் பூட்சு" என்று நம் பிள்ளைகள் வகுப்பில் கேட்பதுண்டு. கெட்டிக்காரக் கேள்விதான்! பதப்படுத்திய காய்ந்த ரப்பரில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆனால் உயிருள்ள ரப்பர் மரம், மற்ற மரங்களைப் போலவே, நீர் நிறைந்த மரம். மேகத்திலிருந்து சில கிலோமீட்டர் காற்றையே பிளந்துகொண்டு வருகிற மின்னலுக்கு, காலுக்குக் கீழே அரை அங்குலப் பூட்சு ஒரு தடையாகுமா?

"அர்ஜுனா, அர்ஜுனா" என்று பெரியவர்கள் சொல்வதும், சில வீடுகளில் இரும்புப் பொருளை வாசலில் போடுவதும் வழக்கம். பாட்டி சொல்லித்தந்த பெயரைச் சொல்வதில் தவறில்லை. வாய் சொல்லட்டும், ஆனால் கால் வீட்டுக்குள் இருக்கட்டும். இரும்பை வாசலில் போடுவதால் மட்டும் பயனில்லை. அதை எடுத்துக்கொண்டு ஒருவர் முற்றத்தில் இறங்குவதே ஆபத்து.

கோபுரக் கலசம் காப்பாற்றும் என்றும் சொல்வார்கள். மின்னலை ஏற்றுக்கொள்ள உச்சியில் உலோகம் இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து தடையில்லாமல் தரைக்குள் இறங்கும் தடித்த கம்பி வேண்டும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் 18-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்துச் சொன்ன இடிதாங்கியின் தத்துவம் இதுதான். சிங்கப்பூரில் கட்டடங்களின் மின்னல் பாதுகாப்புக்கென்றே தனித் தரவிதி உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள். அந்தக் கட்டடங்களின் கூரையிலிருந்து தரை வரை இடிதாங்கிப் பட்டைகள் இறங்குகின்றன. இத்தனை மின்னல் வெட்டும் ஊரில் அவர்கள் அச்சமின்றி உறங்குவது இப்படிப்பட்ட ஏற்பாடுகளால்தான்.

ஆகவே, நேயர்களே, முக்கியமான செய்தி ஒன்றே ஒன்று. இடி முழங்கும்போது வெளியில் பாதுகாப்பான இடம் என்று எதுவும் இல்லை. பாதுகாப்பு இரண்டே இடத்தில்தான் உண்டு. ஒன்று, சுவரும் கூரையும் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் உள்ள முழுக் கட்டடம். மற்றொன்று, உலோகக் கூரையும் மூடிய கதவும் உள்ள வண்டி. வண்டியில் நம்மைக் காப்பது சக்கரத்து ரப்பர் என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் வண்டியின் உலோகக் கூட்டின் வெளிப்புறமாகவே ஓடித் தரைக்கு இறங்கிவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துச் சிங்கப்பூரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத் தளங்களில் உழைக்கும் தொழிலாளர்கள் தேக்கா வட்டாரத்தில் கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, திறந்த புல்வெளிகளிலும் மர நிழல்களிலும் அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு. இரைந்து ஓடும் பேருந்துச் சத்தத்தில் தொலைவில் உறுமும் இடி காதில் விழுவதில்லை. தேக்காவிலிருந்து அங் மோ கியோ ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அங்கே மழை பெய்யும்போது இங்கே வெயில் அடிக்கலாம். ஆயினும் அந்த மேகத்தின் மின்னல் இந்தப் புல்வெளியை எட்டும். வடக்கே வானம் கறுத்தால், புல்லை விட்டு எழுந்து தேக்காச் சந்தைக்குள்ளோ, ரயில் நிலையத்துக்குள்ளோ போய்விட வேண்டும். இரண்டும் சில நிமிட நடைதான். அஞ்சடி என்று நம்மவர் அழைக்கும் கடைமுன் நடைபாதை மழைக்கு உதவும். இடிக்கு இன்னும் நான்கு அடி உள்ளே, கடைக்குள் போய் நில்லுங்கள். தீபாவளிக் கூடாரத்தின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் நல்ல புகலிடம். ஓரத்தில் நின்று மழை பார்க்காமல் நடுப்பகுதிக்குப் போங்கள். பேருந்து நிறுத்தத்தின் கூரை மழைக்கு மட்டுமே. பேருந்து வந்தால் ஏறிவிடுங்கள், அது பாதுகாப்பானது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் கூடாரம் போட்டிருந்தால், இடி கேட்டதும் அதை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். கடலில் கால் நனைப்பதும், தூண்டில் பிடிப்பதும், தென்னை மரத்தடியில் நிற்பதும் ஒரே மாதிரி ஆபத்து. நீச்சல் குளங்களில் எச்சரிக்கை ஒலித்ததும் எல்லோரையும் கரையேறச் சொல்கிறார்கள். முகம் சுளிக்காமல் ஏறிவிட வேண்டும்.

லாரியின் பின்தட்டில் ஏறிச் செல்லும் தொழிலாளர்கள் இன்னும் பலர். முன்னால் ஓட்டுநர் அமரும் அறை, கதவு மூடிய உலோகக் கூடு, அது பாதுகாப்பு. பின்தட்டு திறந்த வெளி. மேலே தார்ப்பாய் கட்டியிருந்தாலும் அது கூடு ஆகாது. இடி பலமாக இருந்தால் வண்டியை ஒரு கட்டடத்தின் அருகே நிறுத்தி, ஆட்களை உள்ளே அனுப்புவது ஓட்டுநரின் கடமை.

மோட்டார் சைக்கிளில் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தனிக் கவலை உண்டு. ஜொகூர்ப் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். இரு பக்கமும் தண்ணீர். நடுவில் ஒதுங்க இடமில்லை. மழைக்கோட்டு மழையைத்தான் தடுக்கும். விடியற்காலையில் மேற்கே மின்னல் வெட்டினால், பாலத்தில் ஏறுமுன்பே, சோதனைச் சாவடிக் கட்டடத்திலோ, கடைக்குள்ளோ காத்திருக்கச் சொல்லுங்கள். அரை மணி தாமதமானால் முதலாளி கடிந்துகொள்வார். கடிந்துகொள்ளட்டும், அதைக் கேட்க ஆள் இருக்க வேண்டுமல்லவா?

திடலில் காற்பந்து ஆடும் இளைஞர்களுக்கு ஒரு சொல். சிங்கப்பூர்க் காற்பந்து லீக்கில் ஆடிய சிஞ்சி என்ற குழுவின் இளம் சீன வீரர் ஒருவர், 2004-ஆம் ஆண்டு பயிற்சியின்போது மின்னல் தாக்கி உயிரிழந்தார். அவருக்கு வயது 18. இன்று அங்கே பள்ளிகளிலும் விளையாட்டரங்குகளிலும் மின்னல் எச்சரிக்கைக் கருவிகள் உள்ளன. வானிலை ஆய்வகம் தீவைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, எந்த வட்டாரத்துக்கு ஆபத்து என்று அறிவிக்கிறது. எச்சரிக்கை ஒலித்தால் ஆட்டம் நிற்கும்; கோல் விழும் தறுவாயில் இருந்தாலும் நிற்கும். கட்டுமானத் தளங்களில் பாரந்தூக்கியும் உயரத்து வேலையும் நிறுத்தப்படும். நம் தோட்டத்துத் திடலில் அப்படிக் கருவி இல்லை. ஆனால் நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு கண்ணும் இரண்டு காதும் இருக்கின்றனவே! அவையே நமக்குக் கருவி.

அந்தக் கருவியைப் பயன்படுத்தும் கணக்கு மிகச் சுலபம். மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். ஒளி உடனே வந்துவிடும்; ஒலி பின்தங்கி வரும். 3 எண்ணினால் 1 கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உள்ளே போக வேண்டும். எண்ண முடியாவிட்டால், இடி காதில் விழுந்தாலே போதும், உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரவேண்டும். மழை விட்டதும் வேலைக்கு இறங்குவதும், மழை பிடிப்பதற்குமுன் வேலையை முடித்துவிடப் பார்ப்பதும் பலருக்கு எமனாகிவிடுகின்றன. ஏனெனில், மின்னலுக்கு மழை துணையாக வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சரி, கட்டடமும் இல்லை, வண்டியும் இல்லை. வெளிக்காட்டின் நடுவில் மாட்டிக்கொண்டோம். என்ன செய்வது?

மேட்டில் இருந்தால் தாழ்ந்த இடத்துக்கு இறங்குங்கள். ஆனால் ஓடையிலோ தண்ணீர் தேங்கிய பள்ளத்திலோ நிற்க வேண்டாம். தனி மரத்தை விட்டு விலகுங்கள். பால்மரக் காட்டில் எங்கு திரும்பினாலும் மரம்தானே என்பீர்கள். உண்மை. அங்கே உயரமான மரங்களை விட்டு, குட்டையான மரங்கள் உள்ள பகுதிக்கு நகர்ந்து, எந்த அடிமரத்தின்மேலும் சாயாமல், இரண்டு மரங்களுக்கு இடையில் இருங்கள். காண்டா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பை முதல் இடி கேட்டதுமே தரையில் கிடத்திவிடுங்கள். அதை நிமிர்த்திப் பிடித்திருப்பது மின்னலுக்கு நாமே வழி காட்டுவதாகும். கூட்டமாக ஒட்டி நிற்காமல் பல அடி இடைவெளி விட்டுப் பிரிந்து இருங்கள். ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் உதவிக்கு மற்றவர் இருக்க வேண்டும். தரையில் படுக்கவே கூடாது. தலைமயிர் சிலிர்த்தாலோ, உடம்பில் ஊசி குத்துவதுபோல் உணர்ந்தாலோ, இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து, காதுகளைப் பொத்திக்கொள்ளுங்கள். ஆனால் இதை ஒரு பாதுகாப்பு என்று நம்பி வெளியில் தங்கிவிடாதீர்கள். வேறு வழியே இல்லாதபோது ஆபத்தைச் சற்றுக் குறைப்பதற்கு மட்டுமே இது உதவும்.

ஆகையால் உண்மையான பாதுகாப்பு, மாட்டிக்கொள்ளாமல் இருப்பதில்தான் உள்ளது. இங்கேதான் தோட்டத்து வாழ்க்கையின் இக்கட்டு வருகிறது. பால் மங்கில் நிறைந்து நிற்கிறது. விட்டுப் போனால் மழைத் தண்ணீரில் வீணாகும். குலைக்கு இத்தனை, கிலோவுக்கு இத்தனை என்று கூலி. ஒரு மணி நேரம் வேலையை விட்டால் அடுப்பில் அது தெரியும். இதை அறியாமல் நாம் பேசவில்லை. அதனால்தான் ஒன்றைச் சொல்கிறோம்: வானத்தைப் பார்த்து நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவைத் தனி ஆளின் தலையில் போடாதீர்கள். தனி ஆள் கூலியை நினைத்து நின்றுவிடுவார். பெரட்டு நேரத்திலேயே மண்டோரும் தொழிலாளரும் பேசி ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடி கேட்டதும் மண்டோர் விசில் ஊத வேண்டும்; எல்லோரும் ஒன்றாகப் பால் கொட்டகைக்கோ, கதவுள்ள வண்டிக்கோ போக வேண்டும்; 30 நிமிடம் கழித்து ஒன்றாகத் திரும்ப வேண்டும். முதலில் நிறுத்தியவரைக் கோழை என்று கேலி செய்யக் கூடாது. "நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டியவர் வாய் திறக்காவிட்டால், அவருக்குக் கீழே நிற்கும் பத்துப் பேரின் குடும்பமும் அந்த மௌனத்துக்கு விலை கொடுக்க நேரும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. அவர்களுள் வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஏழை உழவர்கள் ஏராளம்.

இறுதியாக, ஒருவரை மின்னல் தாக்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வோம். "தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும்" என்று பலர் தயங்கி நிற்கிறார்கள். பாயாது. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. தாராளமாகத் தொடலாம். இன்னொரு மின்னல் விழக்கூடிய இடமாக இருந்தால், முடிந்தவரை விரைவாக அவரைக் கட்டடத்துக்குள் கொண்டுசெல்லுங்கள். மலேசியாவில் 999; சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995. உடனே ஒருவர் அழைக்கட்டும். மற்றவர் மூச்சைப் பாருங்கள். மூச்சு இல்லையென்றால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மின்னல் இதயத்தை நிறுத்தியிருக்கலாம். அதை மீண்டும் ஓடச் செய்ய முடியும். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். சிங்கப்பூரில் பல அடுக்குமாடிகளின் மின்தூக்கிக் கூடத்தில் இதயத்தை இயக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் என்ன செய்வது என்று அதுவே குரல் கொடுத்துச் சொல்லும். பலர் ஒரே சமயத்தில் விழுந்திருந்தால், முனகுபவரை விட்டு, அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். முனகுபவருக்கு மூச்சு இருக்கிறது. அவர் சற்றுப் பொறுப்பார். மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. ஆகவே நம்பிக்கை இழக்க வேண்டாம். பிழைத்தவரையும் கட்டாயம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காது, கண், நரம்பு இவற்றில் பாதிப்பு பின்னால் தெரியவரலாம்.

தாய்மார்களே, தந்தையரே! இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளை அழைத்து மூன்று செய்தி சொல்லிக் கொடுங்கள். இடி கேட்டால் உள்ளே போக வேண்டும். மரத்தடியும் கம்பியும் தண்ணீரும் ஆகாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்குத் தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "இடி இடித்தால் எங்கே ஒதுங்குவாய்?" என்றும் ஒருமுறை கேளுங்கள். அவன் சற்று யோசித்தான் என்றால், அந்த யோசனையை இன்றே முடித்து வைப்பது நல்லது.